பெயர் எழுதாத குழியில் கிடந்த பந்து வீரர்

வேலை முடிந்து சாயங்காலம் திடலில் பந்து உதைக்கிற தம்பிமார்களே, வாசலில் உட்கார்ந்து அதைப் பார்க்கிற பெரியவர்களே! இன்றைக்கு ஒரு பழைய கோல்கீப்பரின் கதை. பெயர் ஆர்தர் வார்ட்டன்.

அவர் கதைக்கு முன்னால் பந்தின் கதை கொஞ்சம். இன்று உலகமே ஆடுகிற காற்பந்துக்கு 1863-ல் லண்டனில்தான் சங்கம் கண்டு சட்டம் எழுதினார்கள். எழுதியவர்கள் படித்த, வசதியான துரைமார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, எதிராளியின் காலில் உதைக்கக் கூடாது என்று விதி வைத்தார்கள். அவர்களுக்கு ஆட்டம் பொழுதுபோக்கு. காசு வாங்கி ஆடுவது கேவலம் என்றார்கள்.

வடக்கே லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளிக்கு இது கட்டுப்படியாகுமா? 1850-ல் வந்த சட்டத்தால் சனிக்கிழமை பகல் 2 மணிக்கு ஆலை நின்றது. அதனால்தான் அவனுக்குப் பந்தே கிடைத்தது. வேறு நாளில் வெளியூர் போய் ஆடினால் அன்றையக் கூலி போச்சு. அதனால் குழுக்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்தன. பெரிய சண்டைக்குப் பிறகு, 1885-ல் சங்கம் இறங்கி வந்து சம்பளத்துக்கு ஆடலாம் என்றது.

இந்தச் சமயத்தில்தான் வார்ட்டன் வருகிறார். 1865-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் அக்ராவில் பிறந்தவர். தகப்பனார் மதபோதகர். மகனும் போதகராகட்டும் என்று 1880-களில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். பையனுக்கோ கால் சும்மா இருக்கவில்லை. 1886-ல் லண்டனில் நடந்த ஓட்டப் போட்டியில் 100 கெஜத்தைச் சரியாக 10 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். மறு வருடமும் அவரே ஜெயித்தார்.

இவ்வளவு வேகமாக ஓடுகிறவர் கோல் கம்பத்துக்கு நடுவே நின்றார் என்றால் ஆச்சரியம்தானே! அப்போது கோல்கீப்பரை இடித்துத் தள்ளுவதும் ஆட்டத்தில் சேர்த்தி. வார்ட்டன் அசரமாட்டார். பந்தை முட்டியால் குத்தி வெகுதூரம் அனுப்புவார். ஒரு தடவை மேல் கட்டையில் தொங்கிக்கொண்டு, வந்த பந்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்தாராம்! டார்லிங்டன் குழுவில் அவர் ஆட்டத்தைப் பார்த்த பிரஸ்டன் குழு அவரை அழைத்துக்கொண்டது. 1887-ல் இங்கிலாந்துக் கோப்பையின் அரையிறுதி வரை அந்தக் குழுவோடு போனார். நிறத்தைச் சொல்லிக் கேலி எழுதிய பத்திரிகைகளும் இருந்தன. அவர் பாட்டுக்கு ஆடினார்.

1888-ல் லீக் போட்டி தொடங்கியது. முதல் வருடமே பிரஸ்டன் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கை வென்றது. ஆனால் வார்ட்டன் அதற்கு முன்பே அங்கிருந்து விலகி, பணப் பந்தயத்தில் ஓடப் போயிருந்தார். 1889-ல் ராதர்ஹாம் டவுன் குழுவில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். இவருக்கு முன்பே, 1881-ல், ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பினத்தவர் ஸ்காட்லாந்துக்கு ஆடியிருக்கிறார். அவர் வசதியுள்ளவர். பந்தையே பிழைப்பாகக் கொண்ட முதல் கறுப்பினத்தவர் என்று வார்ட்டனைத்தான் சொல்கிறார்கள். 1895-ல் ஷெஃபீல்ட் யுனைடெட் குழுவுக்காக முதல் டிவிஷனிலும் ஓர் ஆட்டம் ஆடினார்.

உடம்பை நம்பிய பிழைப்பு எத்தனை நாளைக்கு? 1902-ல் ஸ்டாக்போர்ட் கவுண்டியோடு ஆட்டம் முடிந்தது. இடையில் மதுக்கடை நடத்திப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை, குடியும் பிடித்துக்கொண்டது என்கிறார்கள். கடைசியில் யார்க்ஷயரில் எட்லிங்டன் ஊர்ச் சுரங்கத்தில் நிலக்கரித் தொட்டி நகர்த்தும் கூலியாள் ஆனார். ஒரு காலத்தில் ஊரே கைதட்டிய மனிதர்!

1930 டிசம்பரில், 65 வயதில் கண்ணை மூடினார். ஏழைகளைப் புதைக்கிற இடத்தில் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை. 66 வருடத்துக்கும் மேலாக அப்படியே கிடந்தார்.

காற்பந்தில் இனவெறி கூடாது என்று ஷெஃபீல்டில் பாடுபட்ட ஓர் அமைப்பு, அந்தக் குழியைத் தேடிக் கண்டுபிடித்து 1997-ல் கல் நட்டது. 2003-ல் இங்கிலாந்துக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2014-ல் அந்நாட்டுத் தேசியக் காற்பந்துப் பயிற்சி மையத்தில் அவருக்குச் சிலையே வைத்துவிட்டார்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் தொட்டி நகர்த்திய கைக்கு, அது நகர்த்திய காலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லையே! உங்கள் பக்கத்திலும் ஒரு காலத்தில் கோல் காத்த தாத்தா யாராவது இருக்கலாம். இன்று சாயங்காலம் அவரைத் திடலுக்குக் கூட்டிப் போய் உட்காரவையுங்கள். கல் நடுவதைவிட அது பெரிது.