தந்தை தந்த இசை

நுழையும்முன்

பெற்றோர் தம் மக்களுக்கு விட்டுச்செல்லும் செல்வங்கள் பலவகை. நிலமும் வீடும் பங்கிடப் பங்கிடக் குறையும். கலையோ பங்கிடப் பங்கிட வளரும். இருநூறு ஆண்டுகளுக்கு முன், திருவொற்றியூரை அடுத்த மணலியில் வாழ்ந்த ஓர் இசைக்குடும்பம் இதற்குச் சான்றாகும். இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரை உலகம் அறியும். அவரையும் அவர்தம் தம்பியரையும் வளர்த்து ஆளாக்கிய தந்தை இராமசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

இராமசுவாமி தீட்சிதர் 1735ஆம் ஆண்டளவில் பிறந்தார். இவருடைய முன்னோர் வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர்கள். இளமையிலேயே பெற்றோரை இழந்த இவர், இசையின்மீது கொண்ட வேட்கையால் காவிரிக்கரை ஊர்களில் ஆசிரியரை நாடிச் சென்றார். தஞ்சையில் புகழ்பெற்றிருந்த வீரபத்திரையரிடம் முதலில் பயின்றார். பின்னர், வேங்கடமகியின் மரபில் வந்த வேங்கடவைத்தியநாத தீட்சிதரிடம் வீணையும் இசை இலக்கணமும் கற்றார். எழுபத்திரண்டு மேளங்களாக இராகங்களை வகுத்துக் காட்டிய பேரறிஞர் வேங்கடமகி. அவர் வழிவந்த இலக்கண அறிவு முழுவதும் இவ்வாறு இராமசுவாமி தீட்சிதரை வந்தடைந்தது.

கல்வி முற்றியபின் இவர் திருவாரூரில் குடியேறினார். அவ்வூர்த் தியாகராசர் கோயிலில் எந்தத் திருவிழாவில், எந்த நேரத்தில், நாகசுரத்தில் எந்த இராகத்தை வாசிக்கவேண்டும் என்னும் முறையை வகுத்தளித்தவர் இவரே என்பர். புலமையோடு புனையும் ஆற்றலும் கைவரப்பெற்ற இவர், அம்சத்வனி என்னும் புதிய இராகத்தை உருவாக்கினார். மத்திமமும் தைவதமும் நீங்கிய ஐந்து சுரங்களாலான இராகம் அது. கேட்ட மாத்திரத்தில் உள்ளத்தை எழுப்பும் இயல்புடையது.

நாற்பது வயதில் தந்தை

புகழும் புலமையும் வாய்த்தபோதும், இராமசுவாமி தீட்சிதருக்கும் அவர்தம் மனைவி சுப்பம்மாளுக்கும் நெடுங்காலம் மக்கட்பேறு வாய்க்கவில்லை. நாற்பது வயதை எட்டிய நிலையில், கணவனும் மனைவியும் புள்ளிருக்குவேளூர் என்னும் வைத்தீசுவரன் கோயிலுக்குச் சென்று ஒரு மண்டலம் தங்கி நோன்பிருந்தனர். அதன்பின் 1775ஆம் ஆண்டு, பங்குனித் திங்கள் கார்த்திகை நாளில், திருவாரூரில் அவர்களுக்கு ஆண்மகவு பிறந்தது. புள்ளிருக்குவேளூர் முருகனின் பெயரான முத்துக்குமாரசுவாமி என்பதையே அம்மகவுக்கு இட்டனர். பின்னர்ப் பிறந்த மகளுக்கு அத்தலத்து அம்மையின் பெயரால் பாலாம்பாள் எனப் பெயரிட்டனர். அடுத்துச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்னும் ஆண்மக்கள் இருவர் பிறந்தனர்.

நெடுநாள் காத்திருந்து பெற்ற மக்கள் என்பதால், பிள்ளைகளின் கல்வியைத் தந்தை தம் கையிலேயே வைத்துக்கொண்டார். பாட்டும் வீணையும் இசை இலக்கணமும் வீட்டிலேயே கற்பிக்கப்பட்டன. வேதமும் காவியமும் வடமொழி, தெலுங்கு நூல்களும் உடன் பயிற்றுவிக்கப்பட்டன. முத்துசுவாமி பதினாறு வயதை எட்டுமுன்பே பல துறைகளில் தேர்ச்சி பெற்றார்.

மணலிக்கு வந்த குடும்பம்

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கு மேற்கே அமைந்த ஊர் மணலி. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத்தொழிற்சாலையும் சரக்குந்துகளின் நெடிய வரிசையும் இன்று அவ்வூரின் அடையாளங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அது வயல் சூழ்ந்த சிற்றூராக இருந்தது. அவ்வூர்ச் செல்வர் முத்துக்கிருட்டிண முதலியார் ஆங்கில ஆளுநர் பிகட்டிடம் துபாஷியாகப் பணியாற்றியவர்; இராமநாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். திருவாரூருக்கு வழிபடச் சென்ற இவர், இராமசுவாமி தீட்சிதரின் இசையைக் கேட்டு வியந்து, அவரைக் குடும்பத்தோடு மணலிக்கு அழைத்துவந்தார். அவருக்குப்பின் அவர் மகன் வேங்கடகிருட்டிண முதலியாரும் அவ்வாதரவைத் தொடர்ந்தார். சின்னையா முதலியார் என்று மக்கள் அழைத்தது இவரையே.

மணலியில் இருந்த காலம் இராமசுவாமி தீட்சிதரின் படைப்பாற்றல் செழித்த காலமாகும். நூற்றெட்டு இராகங்களும் நூற்றெட்டுத் தாளங்களும் அமைந்த நெடிய இராகதாளமாலிகை ஒன்றை அவர் இயற்றினார். பகுதிக்குப் பகுதி இராகம் மாறும்; தாளமும் மாறும். அவற்றின் பெயர்கள் பாடலின் பொருளோடு பொருந்தி வரிகளுக்குள்ளேயே மறைந்து நிற்கும். சொல்லாட்சியும் தாள அறிவும் இராகத் தெளிவும் ஒருவரிடமே நிறைந்திருந்தாலன்றி இத்தகைய படைப்பு கைகூடாது. அதில் அறுபத்தொரு பகுதிகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

வீடே பள்ளி

தந்தை படைப்பாளியாக இருக்கும் வீட்டில் பிள்ளைகள் கேட்டே கற்கின்றனர். ஒரு பாடல் முழுவடிவம் பெறுமுன் எத்தனை முறை மாற்றப்படுகிறது, எந்தச் சுரம் ஏன் நீக்கப்படுகிறது என்பனவற்றை அருகிலிருந்து காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கிறது. இராமசுவாமி தீட்சிதரின் மக்கள் அப்பேறு பெற்றவர்கள்.

இதற்கு அழியாச் சான்றாக ஓர் உருப்படி உள்ளது. சிரீரஞ்சனி இராகத்தில் அமைந்த வர்ணம் அது. அதன் பல்லவியையும் அனுபல்லவியையும் சரணத்தின் முதல் சுரப்பகுதியையும் தந்தை இயற்றினார். அடுத்த சுரப்பகுதியைச் சியாமா சாத்திரிகள் அமைத்தார். அதற்கடுத்ததைச் சின்னசுவாமியும் இறுதிப்பகுதியை முத்துசுவாமியும் அமைத்தனர். தந்தை தொடங்கியதை நண்பரான பெரும்புலவர் ஒருவர் வளர்க்க, மக்கள் இருவர் நிறைவு செய்துள்ளனர். தம் படைப்பில் பிள்ளைகளுக்கும் இடமளிக்கும் மனம் இராமசுவாமி தீட்சிதருக்கு இருந்தது. மூத்தோர் புனைந்ததன் அருகே தம் புனைவை வைக்கும் துணிவைப் பிள்ளைகள் அவரிடமே பெற்றனர்.

பிரிவு

இவ்வாறு இனிது சென்ற இல்லத்தில் ஒருநாள் பெருஞ்சோதனை நேர்ந்தது. காசிக்குச் செல்லும் வழியில் சிதம்பரநாத யோகி என்னும் துறவி மணலிக்கு வந்தார். முத்துசுவாமியின் அறிவையும் பணிவையும் கண்ட அவர், அவ்விளைஞரைத் தம்முடன் அனுப்புமாறு தந்தையிடம் கேட்டார்.

இருப்பூர்தி இல்லாத காலம் அது. காசி செல்வோர் திங்கள் கணக்கில் நடக்கவேண்டும். சென்றவர் மீள்வது உறுதியன்று. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற மூத்தமகனை, என்று திரும்புவான் என்று தெரியாத பயணத்துக்கு அனுப்ப எந்தத் தந்தைதான் உடன்படுவார்? இராமசுவாமி தீட்சிதர் கலங்கினார். இசைவு தர மறுத்தார். சின்னையா முதலியார் இடைநின்று எடுத்துரைத்தார். தாம் கற்பிக்கக் கூடியவற்றையெல்லாம் மகனுக்குக் கற்பித்துவிட்டோம், இனி அவன் பெறவேண்டியது தம்மிடம் இல்லை என்பதைத் தந்தை உணர்ந்திருக்கவேண்டும். துயரத்தை அடக்கிக்கொண்டு மகனுக்கு விடைகொடுத்தார். இளமையில் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர் அவர். மகனின் தேடலுக்குத் தடையாக நிற்க அவரால் இயலவில்லை.

காசியில் முத்துசுவாமி சில ஆண்டுகள் தங்கினார். வேதாந்தமும் வழிபாட்டு நெறியும் யோகியிடம் கற்றார். வடநாட்டு இசையைக் கேட்டு அறிந்தார். பிற்காலத்தில் அவர் இயற்றிய பாடல்களில் காணப்படும் விளம்ப நடையும் வடநாட்டு இராகங்களின் சாயலும் அந்நாள்களின் பயன் என்பர். தந்தை அன்று மறுத்தே இருந்திருப்பின், இசையுலகம் இச்செல்வத்தை இழந்திருக்கும்.

கோட்டையில் கேட்ட இசை

சின்னையா முதலியார் தீட்சிதரையும் அவர் மக்களையும் சென்னையிலுள்ள புனித சார்ச்சுக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது உண்டு. அங்கே ஆங்கிலேயர் வாசித்த பேண்டு இசையை அவர்கள் கேட்டனர். அயலார் இசை என்று அதை அவர்கள் ஒதுக்கவில்லை. கடைசி மகன் பாலுசுவாமியின் உள்ளம் வயலினில் படிந்தது. ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி முதலியார் ஏற்பாடு செய்ய, பாலுசுவாமி மூன்றாண்டுகள் வயலின் பயின்றார்.

வீணையே உயர்ந்ததெனப் போற்றிய இலக்கண மரபில் வந்தவர் தந்தை. அயல்நாட்டுக் கருவியில் மகன் கைவைத்தபோது அவர் தடுக்கவில்லை. வயலினில் வீணைக்கு இருப்பது போன்ற மெட்டுகள் இல்லை. விரல் தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்லலாம். இதனால் நம் இசையின் உயிர்நாடியான கமகங்களை அதில் எளிதாகக் கொண்டுவர முடிந்தது. தரையில் அமர்ந்து, கருவியின் தலைப்பகுதியைப் பாதத்தின்மீது தாங்கி வாசிக்கும் முறையும் பின்னர் உருவாயிற்று. இன்று வயலின் இல்லாத கருநாடக இசையரங்கு அரிது. அம்மாற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்று மணலி இல்லத்தில் நிகழ்ந்தது.

முத்துசுவாமியும் தாம் கேட்ட மேலை மெட்டுகளுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். 'நோட்டுசுரப் பாடல்கள்' என வழங்கும் அவை சங்கராபரண இராகத்தில் அமைந்தவை. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாடலின் மெட்டும் அவற்றுள் ஒன்றாகும்.

தெரிந்து தெளிவோம்

முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்களாகிய தஞ்சை நால்வருள் ஒருவர் வடிவேலு. வயலின் வாசிப்பில் சிறந்து விளங்கிய இவருக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ஆம் ஆண்டு தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

மகனுக்காகப் பாடிய தந்தை

இன்பமே நிறைந்த இல்லம் எங்கும் இல்லை. நடுமகன் சின்னசுவாமிக்குக் கண்பார்வை மங்கிய காலமும் ஒன்று வந்தது. தந்தை அவரை அழைத்துக்கொண்டு திருப்பதி சென்று தங்கி, வேங்கடவனைப் பாடி இராகமாலிகை இயற்றினார் என்றும், மகனுக்குப் பார்வை மீண்டது என்றும் அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவந்தனர். பிள்ளையின் துன்பத்தைத் தம் துன்பமாக ஏற்ற தந்தை, தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறைவனிடம் முறையிட்டதை இச்செய்தி காட்டுகிறது.

திரும்பிய மகன்

காசியில் யோகி மறைந்தபின் முத்துசுவாமி மணலிக்குத் திரும்பினார். கங்கையில் பெற்றதாகப் போற்றப்படும் வீணை அவர் கையில் இருந்தது. சென்றபோது மாணவராக இருந்தவர், மீண்டபோது தமக்கெனத் தனிவழி காணும் பக்குவம் பெற்றிருந்தார். திருத்தணியில் முருகனை வழிபட்டுத் தம் முதற்பாடலைப் பாடினார். குருகுகன் என்னும் முருகனின் பெயரையே தம் பாடல்களின் முத்திரையாகக் கொண்டார். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரும் அவர் பாடலில் இடம்பெற்றார். பிற்காலத்தில் தியாகராசரும் திருவொற்றியூருக்கு வந்து, அங்குள்ள அம்மைமீது ஐந்து பாடல்கள் இயற்றினார். வடசென்னைக் கடற்கரையின் இப்பழம்பதி, இவ்வாறு மும்மூர்த்திகளுள் இருவரின் இசையால் சிறப்புற்றது.

முதுமையும் மறைவும்

முதுமையில் இராமசுவாமி தீட்சிதர் திருவாரூரில் வாழ்ந்தார். தம் மக்கள் மூவரும் இசைவல்லவர்களாய் விளங்குவதைக் கண்ட நிறைவோடு, 1817ஆம் ஆண்டு அவர் மறைந்தார். சின்னசுவாமி 1823இல் காலமானார். பாலுசுவாமி எட்டயபுர அரசவையின் இசைவாணராக விளங்கினார். தம்பியைக் காண அங்கே சென்ற முத்துசுவாமி 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே மறைந்தார்.

பாலுசுவாமி தம் மகள்வயிற்றுப் பெயரனாகிய சுப்பராம தீட்சிதரை மகனாக ஏற்று வளர்த்தார். குடும்பத்தார் பாடியும் பேசியும் காத்துவந்த பாடல்களையும் நினைவுகளையும் அவர் சுரக்குறிப்புகளோடு தொகுத்து, 1904ஆம் ஆண்டு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலாக எட்டயபுரத்தில் வெளியிட்டார். இராமசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் நாம் அறிவது பெரிதும் அந்நூலால்தான்.

இன்றும் இசையரங்குகள் பலவற்றில் முதற்பாடலாக ஒலிப்பது, திருவாரூர் வாதாபி கணபதியைப் போற்றி முத்துசுவாமி தீட்சிதர் இயற்றிய கீர்த்தனை. அது அமைந்துள்ள இராகம் அம்சத்வனி. அப்பாடலைக் கேட்போர் பலரும் மகனை நினைக்கின்றனர். அதன் ஒவ்வொரு சுரமும் தந்தை வகுத்த வழியில் நடக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் கலை, தொழில் அல்லது கைத்திறன் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. முத்துசுவாமியைக் காசிக்கு அனுப்பத் தந்தை முதலில் மறுத்தது சரியா என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. அயல்நாட்டிலிருந்து வந்து நம் கலைகளோடு கலந்துவிட்ட இசைக்கருவிகளைப் பட்டியலிட்டு, அவை நம் இசைக்கேற்ப அடைந்த மாற்றங்களை எழுதுக.