கம்பளம் விற்ற டாக்டர்

விஞ்ஞானி என்றாலே நமக்கு எடிசனும் மார்க்கோனியும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கோடிக்கணக்கான பெண்களுக்குப் பயன்பட்ட ஜார்ஜ் பாபனிகோலாவைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இவர் 1883-ல் கிரேக்க நாட்டில் கீமி என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். இவரும் 1904-ல் ஏதென்சில் மருத்துவப் பட்டமும், 1910-ல் மூனிச்சில் டாக்டர் பட்டமும் பெற்றார். 1913-ல் மனைவியோடு நியூயார்க்கில் போய் இறங்கியபோது அந்தப் பட்டங்கள் சோறு போடவில்லை. இவர் கடையில் கம்பளம் விற்றார். மனைவி மேரி பட்டன் தைத்தார். இவ்வளவு படிச்சிட்டு இந்த வேலையான்னு அவர் சோர்ந்து உட்காரவில்லை. நாளை வேலை தேடி அலையப் போகிற நமக்கு இது ஒரு பாடம்.

பிறகு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதலில் கினிப் பன்றிகளின் செல்களை மைக்ரோஸ்கோப்பில் ஆராய்ந்தார். அடுத்து பெண்களிடம் சோதிக்க வேண்டும். மேரியே முன்வந்து பல வருடம் சோதனைக்கு உட்பட்டார். சம்பளமில்லாமல் ஆய்வுக்கூடத்திலும் உழைத்தார். உதிரும் செல்களைப் பார்த்தே கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-ல் அறிவித்தார். யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. 1941-ல் டாக்டர் டிராட்டோடு சேர்ந்து கட்டுரை வெளியிட்ட பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. அதுதான் 'பாப்' பரிசோதனை.

1962-ல் காலமான அவருக்கு இந்நோயின் மூலகாரணம் தெரியாது. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்தான் காரணம் என்பதற்கு 1983, 84-ல் ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹவுசன் குழு வழிகாட்டியது. 2008-ல் அவருக்கு நோபல் பரிசு. உடலுறவு வழியாகப் பரவும் இந்த வைரஸ் மிகச் சாதாரணமானது. பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். சிலருக்கு மட்டும் பல வருடம் தங்கி, செல்களைக் கெடுத்துப் புற்றாகிறது. ஆகவே இதில் யாருடைய நடத்தையையும் பழிக்க ஒன்றுமில்லை.

எங்க குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அம்மாவிடம் கூச்சத்தை விட்டு இதைச் சொன்னேன். வலியே இல்லாதபோது ஆஸ்பத்திரி எதுக்கு என்கிறார். வலி வருமுன் பார்த்தால்தானே சுலபமாகக் குணப்படுத்தலாம்! அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, நானும் விடுவதாயில்லை.

9 முதல் 14 வயதுத் தங்கைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ஊசி போட்டாலும், 30 வயதைத் தாண்டினால் பரிசோதனை அவசியம். நண்பர்களே, நாம் படித்த படிப்பு முதலில் நம் வீட்டுப் பெண்களுக்குப் பயன்படட்டும்!