நாணயம் தவறாத வங்கியாளர்: ஏ. பி. ஜியனினி

காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் நாணயம் என்ற ஒரே பெயர் வழங்குகின்றது. பிறர் பணத்தைக் கையேற்போர் இவ்விரண்டையும் பிரித்துவிடின் விளைவது அழிவே. அவற்றைப் பிரிக்காது வாழ்ந்த ஒரு குடியேறியின் மகனை இன்று நாம் நினைவுகூர்வோம். எம்மவர் பலர் இன்று வாழும் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியே அவரது களமாகும்.

அமாதியோ பீட்டர் ஜியனினி 1870 மே 6ஆம் திகதி சான் ஹோசே நகரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். அவர் சிறுவனாயிருக்கையில், சொற்பக் காசு பற்றிய தகராறில் ஒரு கூலியாளால் தந்தை கொல்லப்பட்டார். தாயார் மறுமணம் புரிந்த பின், சிறிய தந்தையாரின் காய்கறி மொத்த வியாபாரத்தில் சேர்வதற்காக இளவயதிலேயே கல்வியைக் கைவிட்டார். விடியுமுன் துறைமுகத்தில் விவசாயிகளுடன் பேரம் பேசிய அந்நாட்களில், மனிதரின் சொல்லை எடைபோடும் கலையை அவர் கற்றார் எனலாம்.

பின்னர் மாமனாரின் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பினால் ஒரு சிறு வங்கியின் இயக்குநரானார். ஏழைக் குடியேறிகளுக்கும் கடன் வழங்கவேண்டும் என்ற அவரது கோரிக்கையை ஏனைய இயக்குநர்கள் ஏற்கவில்லை. எனவே அவர் விலகி, 1904 ஒக்டோபர் 17இல் இத்தாலியர் செறிந்து வாழ்ந்த நோர்த் பீச்சில், மதுச்சாலையாயிருந்த ஒரு கட்டடத்தில் இத்தாலி வங்கியைத் தொடங்கினார். முதல் நாள் வைப்பு 8,780 டொலர் மட்டுமே. ஆங்கிலம் அறியாதோருக்கு அங்கு அவர்களது மொழியிலேயே பணியாற்றினர். படுக்கைக்கடியில் காசை ஒளித்து வைத்திருந்தோரை ஜியனினி தெருத்தெருவாகச் சென்று சந்தித்தார். கனவான்களான வங்கியாளர்கள் இதனை இழிவாகக் கருதினர்.

1906 ஏப்ரல் 18இல் நிலநடுக்கமும் தீயும் நகரை அழித்தன. வங்கியிலிருந்த தங்கத்தையும் பணத்தையும் காய்கறி வண்டிகளில் ஏற்றி, மேலே தோடம்பழப் பெட்டிகளை அடுக்கி மறைத்து, சான் மற்றேயோவிலிருந்த தமது வீட்டிற்குக் கொண்டுசென்றார். ஏனைய வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் சூடு தணியாமையால் திறக்க இயலாதிருக்க, இவரோ துறைமுகத்தில் பீப்பாய்கள் மீது ஒரு பலகையை இட்டு, வீடு கட்டுவோருக்குக் கடன் வழங்கினார். பத்திரங்கள் யாவும் எரிந்த நிலையில், தெரிந்த முகமும் கைகுலுக்கலுமே பிணையாயின.

வங்கி வளர்ந்தது. 1928இல் தமக்கெனக் கிடைக்கவிருந்த 15 இலட்சம் டொலரைத் தாம் எடுக்காது, விவசாயப் பொருளாதார ஆய்விற்காகக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்குச் சேர்ப்பித்தார். 1930இல் வங்கி, பாங்க் ஒப் அமெரிக்கா எனப் பெயர் பெற்றது. அவருக்குப்பின் தலைமையேற்ற நியூயோர்க் நிதியாளர் எலிஷா வோக்கர், பெருமந்த காலத்தில் தாய் நிறுவனத்தின் சொத்துக்களைப் பிரித்து விற்க முனைந்தார். ஜியனினி ஓய்விலிருந்து மீண்டு, ஊரூராகச் சென்று சிறு பங்குதாரர்களைத் திரட்டி, 1932 பெப்ரவரியில் தலைமையைத் திரும்பப் பெற்றார்.

அவரையும் நாம் குறையற்றவராகக் காட்டவேண்டியதில்லை. மந்த காலத்தில் கடன் தீர்க்க இயலாத விவசாயிகளின் நிலங்கள் பல அவரது குழுமத்தின் கைக்கு வந்தன. அதன் கட்டற்ற விரிவு ஏகபோகத்திற்கு இட்டுச்செல்லும் என 1948இல் மத்திய வங்கிச் சபை வழக்குத் தொடுத்தது. ஆயினும், வங்கியின் வளர்ச்சியைத் தமது சொந்தச் செல்வமாக அவர் மாற்றிக்கொண்டதில்லை. 1949 யூன் 3இல் அவர் மறைந்தபோது, உலகின் மிகப்பெரிய வங்கியைக் கட்டியெழுப்பிய அவரது சொத்து 5 இலட்சம் டொலரையும் எட்டவில்லை.

அதே வங்கி 2014இல், வீட்டுக்கடன் பத்திரங்கள் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தீர்க்க 1,665 கோடி டொலருக்கு அமெரிக்க அரசுடன் உடன்பட்டது. இதிற் பெரும்பகுதி, 2008இல் அது வாங்கிய கன்றிவைட் போன்ற நிறுவனங்களின் செயல்களால் நேர்ந்தது. அங்கு கடன் கொடுத்தவர், கடன் பெறுபவரின் முகத்தையே அறியார். கடனைப் பிறருக்கு விற்றதும் அவரது கவலை தீர்ந்தது. அறமுள்ள தலைமையும் அறமற்ற தலைமையும் பிரியும் இடம் இதுவே எனக் கருதுகிறோம்.

இது எமக்கும் பொருந்தும். வந்த நாட்டில் எந்த வங்கியும் எம்மை நம்பாத காலத்தில், சீட்டே எமது வங்கியாயிற்று. தங்கையின் திருமணமும் தம்பியின் பயணமும் அதனால் நிறைவேறின. அதே சீட்டுக் காசுடன் தலைமறைவானோரால் அழிந்த குடும்பங்களையும் நாம் அறிவோம். அகதியின் காசு இரட்டை வேலையின் வியர்வை. அதை இழந்தவர் முறையிடுவதற்கு மொழியும் இல்லை, பத்திரமும் இல்லை. எனவே, எம்மவரின் பணத்தைக் கையேற்க முன்வருவோரிடம் கணக்கைக் கேட்பது அவமதிப்பன்று. கணக்கைக் காட்ட மறுப்பதே அவமதிப்பு. நம்பிக்கை ஒன்றையே பிணையாகக் கொடுப்போருக்கு, அதே நம்பிக்கையைக் காப்பதே தலைமையின் முதற் கடமையாகும்.