கடிகாரம் ஏந்தி ஓடிய வீரர்

தேச சரித்திரங்களில் சேனாதிபதிகளுக்கும் ராஜதந்திரிகளுக்கும் இடமளிப்பது வழக்கம். ஓட்டப் பந்தயக்காரர் ஒருவருக்கு அவ்விடம் கிடைப்பது அபூர்வம். பின்லாந்து தேசத்தின் சரித்திரத்தில் பாவோ நூர்மி அந்த இடத்தைப் பெற்றார். அஃது எவ்வாறு நேர்ந்ததென்பதை ஆராய்வது, தேச சேவையில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்குப் பயனளிக்கும் என்று நம்புகிறோம்.

1809 முதல் பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டிருந்தது. அந்நிலையில், 1897-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி, துர்க்கு என்னும் துறைமுகப் பட்டணத்தில் ஓர் ஏழைத் தச்சருக்கு மகனாக நூர்மி பிறந்தார். 1910-ல் தகப்பனார் காலமானார். சிறுவர் பள்ளிக்கூடத்தை விட்டு, ரொட்டிக் கடை ஒன்றில் எடுபிடி வேலைக்கு அமர்ந்தார். பாரமேற்றிய வண்டியை மேட்டுப் பாதைகளில் தள்ளிச் சென்றதே அவர் கால்களுக்கு முதற் பயிற்சியாயிற்று.

1912-ல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. பின்லாந்தின் ஹான்னஸ் கொலெமைனென் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆயினும், அவருடைய ஜெயத்தைக் குறிக்க உயர்ந்தது ருஷ்யக் கொடியே. வென்றவன் ஒரு ஜாதி, கொடி மற்றொரு ஜாதியுடையது என்னும் இவ்வவமானத்தை அந்நாட்டார் மறக்கவில்லை. அப்பொழுது பதினைந்து வயதினரான நூர்மி, கொலெமைனெனைத் தமக்கு ஆதர்சமாகக் கொண்டு ஓடத் தொடங்கினார்.

1917 டிசம்பர் 6-ந் தேதி பின்லாந்து சுதந்தரப் பிரகடனம் செய்தது. அடுத்த வருஷமே உள்நாட்டு யுத்தம் மூண்டு, சகோதரர் சகோதரரைக் கொன்றனர். இவ்வாறு பிளவுண்ட சிறு தேசம் 1920-ல் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சொந்தக் கொடியுடன் சென்றது. நூர்மி மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்றார். ஆனால் 5,000 மீட்டர் பந்தயத்தில் பிரெஞ்சுக்காரரான கில்லெமோவிடம் தோல்வியடைந்தார்.

நூர்மியின் முறையே தனி. பயிற்சியிலும் பந்தயத்திலும் அவர் கையில் கடிகாரம் இருக்கும். இத்தனையாவது சுற்றை இத்தனை வினாடியில் முடிக்க வேண்டுமென்று முன்னரே கணக்கிட்டுக்கொண்டு, அருகே ஓடுபவரைக் கவனியாமல் முள்ளைப் பார்த்தே ஓடுவார். ஆரம்பத்தில் பாய்ந்து சென்று முடிவில் மூச்சிறைப்பது அவர் வழக்கமன்று. முதற் சுற்றும் பிந்திய சுற்றுகளும் ஏறக்குறைய ஒரே வேகமாக இருக்கும்.

சர்வதேச ஓட்டச் சங்கம் ஏற்பட்டது 1912-ல். உலக ரிக்கார்டுகளை உத்தியோகபூர்வமாகப் பதிவு செய்யும் வேலையை அது மேற்கொண்டது. ஒரு மைல் தூரத்துக்கு முதலில் பதிவான நேரம் 4 நிமிஷம் 14.4 வினாடி, இது 1913-ல். 1915-ல் அமெரிக்கரான டேபர் அதை 4 நிமிஷம் 12.6 வினாடியாகக் குறைத்தார். 1923-ல் ஸ்டாக்ஹோமில் நூர்மி 4 நிமிஷம் 10.4 வினாடியில் ஓடினார். அந்த ரிக்கார்டு 1931 வரை நிலைத்தது.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களில் 1,500 மீட்டருக்கும் 5,000 மீட்டருக்கும் இறுதி ஓட்டங்கள் ஒரே நாளில் அமைந்தன. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம்கூட இல்லை. நூர்மி கலங்கவில்லை. ஜூன் 19-ந் தேதி ஹெல்சிங்கியில் இரு தூரங்களையும் ஒரே நாளில் ஓடிச் சோதித்தார். இரண்டிலும் உலக ரிக்கார்டு ஏற்பட்டது. ஜூலை 10-ந் தேதி பாரிஸில் இரண்டையும் வென்றார். ஜூலை 12-ந் தேதி கடும் வெயிலில் நடந்த வெளிநிலப் பந்தயத்தில் 38 பேர் ஓடினர். 15 பேரே முடித்தனர். நூர்மியோ ஒரு நிமிஷத்துக்கு மேல் முந்தி வந்தார். அவ்வருஷம் அவருக்கு ஐந்து தங்கப் பதக்கங்கள் கிடைத்தன.

ஆனால் 10,000 மீட்டர் பந்தயத்தில் அவரைத் தம் தேசத்து அதிகாரிகளே சேர்க்கவில்லை. அப்பந்தயத்தை வில்லே ரிடோலா 30 நிமிஷம் 23.2 வினாடியில் ஓடி உலக ரிக்கார்டு ஏற்படுத்தினார். நூர்மி ஆகஸ்டு 31-ந் தேதி குவோப்பியோ நகரில் அதே தூரத்தை 30 நிமிஷம் 6.2 வினாடியில் ஓடிக் காட்டினார். 1937 வரை எவரும் அதை முறியடிக்கவில்லை. மனக்குறைக்கு இதைவிட கௌரவமான விண்ணப்பம் வேறுண்டோ?

1928-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒன்பதாவது தங்கப் பதக்கம் பெற்றார். 1932-ல் மாரத்தான் ஓட்டத்தையும் வெல்ல விரும்பி லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். அங்கே தடையுத்தரவு காத்திருந்தது. பிரயாணச் செலவுக்கு மேல் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. சட்டம் பயின்றவர் இவ்விதியின் வேரைப் பார்க்க வேண்டும். பணம் பெறாமல் ஓடவேண்டுமென்பது பிதுரார்ஜிதம் உள்ளவனுக்கு எளிது. தச்சன் மகனுக்கோ ஓடும் நாளெல்லாம் கூலியிழந்த நாளே. சமமாகத் தோன்றும் விதி சமமல்லாதவர்மேல் விழுந்தால் அநீதியாகிறது. 1980-களில் அவ்விதி தளர்ந்தது. நூர்மிக்கு அதனாற் பயனில்லை.

எனினும் அவர் சோர்ந்துவிடவில்லை. துணிக்கடை வைத்தும் கட்டிட வேலை எடுத்தும் செல்வம் சேர்த்தார். 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கியபோது, ஐம்பத்தைந்து வயதான நூர்மி தீப்பந்தம் ஏந்தி மைதானத்துள் ஓடிவந்தார். கீழே தீபத்தை ஏற்றியபின், கோபுரத் தீபத்தை ஏற்றியவர் கொலெமைனென். நாற்பது வருஷங்களுக்கு முன் அந்நியக் கொடியின்கீழ் வென்றவரும், அவரைக் கண்டு ஓடத் தொடங்கியவரும், சுதந்தர பூமியில் ஒரே சுடரை ஏற்றினர்.

1973 அக்டோபர் 2-ந் தேதி நூர்மி காலமானார். ராஜாங்க மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவர் ஏற்படுத்திய 22 உலக ரிக்கார்டுகளும் பிற்பாடு முறியடிக்கப்பட்டன. அதனாற் குறைவில்லை. ரிக்கார்டு என்பது பின்வருபவன் தாண்டுவதற்காக முன்னோன் வைத்துப் போகும் எல்லைக்கல். தன் வேகத்தைத் தானே அளந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குச் சொல்லும் வழக்கமே அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி. ஆர்ப்பாட்டமாகத் தொடங்கிப் பாதி வழியில் களைத்துப்போகும் பொதுக் காரியங்கள் நம்மிடையே எத்தனை! கடிகாரத்தைக் கையிலேந்தி ஓடக் கற்பதே அவற்றுக்கு மருந்தாகும்.