கம்பி சுற்றிய துப்பாக்கி

இமயமலை அடிவாரத்தில் காலாதூங்கி என்னும் சிற்றூர் உள்ளது. நைனிதாலுக்குச் சுற்றுலா சென்ற உங்களுள் சிலர் அவ்வூரைக் கடந்திருக்கக்கூடும். அங்குள்ள பழைய வீடொன்று இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவ்வீட்டில் வாழ்ந்தவர் ஜிம் கார்பெட். ஆட்கொல்லிப் புலிகளை வீழ்த்தியவர் என்று உலகம் அவரை அறியும். ஆயினும் துப்பாக்கி அவர் கைக்கு ஒரே நாளில் வசப்பட்டுவிடவில்லை.

கார்பெட் 1875ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சலகத் தலைவர். மகனுக்கு ஆறு வயது நிரம்புமுன்பே அவர் காலமானார். பெரிய குடும்பத்தின் சுமை தாயின் தோள்மேல் விழுந்தது. கோடையில் நைனிதாலிலும் குளிர்காலத்தில் காலாதூங்கியிலும் குடும்பத்தினர் தங்கினர். காலாதூங்கியின் வாசலிலேயே காடு தொடங்கியது. அக்காட்டிற்குள் சிறுவன் முதலில் உண்டிகோலோடு சென்றான். பின்னர் உண்டை எறியும் வில்லோடும், அதன்பின் அம்போடும் திரிந்தான்.

பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த ஸ்டீபன் டீஸ் என்னும் உறவினர் அவனுக்கு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தார். அதனை நல்ல துப்பாக்கி என்று எவரும் சொல்லார். வலக்குழல் வெடித்துப் பிளந்திருந்தது. முறிந்த அடிக்கட்டையையும் குழல்களையும் பித்தளைக் கம்பி சுற்றி இறுகக் கட்டியிருந்தனர். இடக்குழல் ஒன்றே பயன்பட்டது. அதுவும் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் வகை: மருந்தைக் கொட்டி, தக்கையிட்டு, கோலால் இடித்து, ரவையைப் பெய்து, மீண்டும் தக்கையிட்டு இடித்த பின்னரே சுட முடியும். ஒரு முறை குறி தவறினால் மறுமுறை கெட்டிப்பதற்குள் விலங்கு காததூரம் போய்விடும்.

மருந்தும் ரவையும் சிறுவனுக்கு அளவாகவே கிடைத்தன. ஆகவே வீணாக ஒரு வெடியும் வெடிக்காமல், மிக அருகில் சென்றே சுட வேண்டியதாயிற்று. சருகு நொறுங்காமல் அடிவைக்கவும், மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைப் பிரித்தறியவும் அவன் பழகினான். குன்வர் சிங் என்னும் ஊர்த்தலைவர் காட்டின் வழிகளைக் கற்பித்தார். பழுதற்ற புதுத் துப்பாக்கி கிடைத்திருந்தால் இத்துணைப் பொறுமை அவனுக்கு வாய்த்திருக்குமோ என்று எனக்கு ஐயம் உண்டு.

பத்து வயதளவில், நைனிதால் மாணவர் படை வழியாக ஒரு மார்ட்டினி துப்பாக்கி இரவலாகக் கிடைத்தது. அதனைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும்; சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைத் திருப்பித்தர வேண்டும் என்பன நிபந்தனைகள். சுடுங்கால் பெரியவர் தோளையே பின்னுதைத்து வலிக்கச் செய்யும் வன்மை உடையது அத்துப்பாக்கி. அதனைக் கொண்டே அவன் தன் முதற் சிறுத்தையை வீழ்த்தினான்.

வளர்ந்தபின் கார்பெட் இரயில்வே பணியில் சேர்ந்து, மொகாமா படித்துறையில் பல்லாண்டுகள் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் நடத்தினார். 1907இல் சம்பாவத் பெண்புலியைத் தேடிச் சென்றார். அது 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கார்பெட் மூன்று தோட்டாக்களே கொண்டுசென்றிருந்தார். மூன்றும் தீர்ந்தும் காயமுற்ற புலி விழவில்லை. அவர் ஓடிச்சென்று வட்டாட்சியரின் பழந்துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது! வாயைக் குறிவைத்த குண்டு முன்னங்காலில் பட்டது. நல்வினையாக, முன்பு பட்ட குண்டுகளாலேயே புலி வீழ்ந்தது. அவ்வெற்றிக்குப் பரிசாக .275 ரிக்பி என்னும் இலகுவான துப்பாக்கி அவருக்கு வழங்கப்பட்டது.

அத்துப்பாக்கி நாளடைவில் அவர் கையின் ஓர் உறுப்பாகவே ஆயிற்று. 1930 ஏப்பிரல் 11ஆம் நாள் சௌகர் பெண்புலியைத் தேடிச் செல்கையில், வழியில் கண்ட பக்கிக் குருவியின் முட்டைகள் இரண்டை எடுத்து இடக்கையில் ஏந்தியிருந்தார். ஒரு பெரும்பாறையைக் கடந்து வலத்தோளின்மேல் திரும்பிப் பார்த்தார். எட்டடித் தொலைவில் பாயும் நிலையில் புலி! வலக்கையிலிருந்த துப்பாக்கியோ மார்பின் குறுக்கே எதிர்ப்புறம் நோக்கியிருந்தது. இடக்கையை உதவிக்கு அழைத்தால் முட்டைகள் உடையும். வெடுக்கென அசைந்தால் புலி பாயும். புலியின் கண்ணிலிருந்து தம் கண்ணை எடுக்காமல், ஒற்றைக் கையாலேயே துப்பாக்கியை மெல்ல மெல்லச் சுழற்றினார். குழல் எங்கு நோக்குகிறது என்பதைக் கை அறிந்திருந்தது. விசையை அழுத்தினார். புலி இருந்த இடத்திலேயே தலை சாய்த்தது.

பின்னர் அவர் அம்முட்டைகளைக் கூட்டில் திரும்ப வைத்தார். சற்று நேரத்தில் தாய்ப்பறவை அவற்றின்மேல் வந்து அமர்ந்தது.

பிற்காலத்தில் கார்பெட் துப்பாக்கியினும் ஒளிப்படக் கருவியையே பெரிதும் விரும்பினார். புலிகளைச் சுடுவதைவிடப் படம் பிடிப்பது அரிது என்று கண்டார். காடுகள் அழிவதை எண்ணி வருந்தினார். 1936இல் குமாவுன் மலையடிவாரத்தில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. 1947இல் அவர் தமக்கை மேகியுடன் கென்யா சென்று, 1955 ஏப்பிரல் 19ஆம் நாள் அங்கேயே மறைந்தார். பின்னர் அப்பூங்காவிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.