பூவைப் பார்த்து வேலை இழந்த வாத்தியார்

பூசணிக் கொடி வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். கொடி நிறையப் பூக்கும். ஆனால் எல்லாப் பூவும் காய் ஆவதில்லை. பிஞ்சு மஞ்சளாகி, வெம்பிக் கீழே விழும். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று பாட்டி சொல்வாள்.

காரணம் கண் அல்ல. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவில் உள்ள மகரந்தத் தூள் பெண் பூவைச் சேர வேண்டும். அதைச் சுமந்து போவது தேனீ. பூசணிப் பூ விடிகாலையில் மலரும், உச்சிப் பொழுதுக்குள் வாடிவிடும். அதற்குள் ஈ வந்து போகாவிட்டால் பிஞ்சு நிற்காது.

பூவுக்கும் ஈக்கும் உள்ள இந்த உறவை உலகுக்கு விளக்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜெர்மனி தேசத்தவர். அவர் பெயர் கிறிஸ்டியன் கோன்ராட் ஸ்பிரெங்கல். பூவைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அவருக்கு வேலை போயிற்று.

பாதிரியார் மகன்

1750-ம் ஆண்டு பிராண்டன்பர்க் என்ற ஊரில் ஸ்பிரெங்கல் பிறந்தார். தகப்பனார் பாதிரியார். மகனும் வேத சாஸ்திரம்தான் படித்தார். ஆனால் வாத்தியார் தொழிலுக்கு வந்தார். 1780-ல் ஸ்பாண்டோ என்ற ஊரில் தலைமையாசிரியர் ஆனார்.

சென்னைக்கு மேற்கே நம் ஆவடி இருப்பதைப் போல, பெர்லின் நகருக்கு மேற்கே அப்போது ஸ்பாண்டோ இருந்தது. ஆவடியைப் போலவே அதுவும் பட்டாளத்து ஊராக இருந்தது. பெரிய கோட்டை ஒன்று உண்டு.

அங்கே அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. ஹைம் என்ற வைத்தியர் அவருக்குச் சிநேகிதர். மருந்து மட்டும் போதாது, வயல் வெளியில் உலாவுங்கள், செடி கொடிகளைப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அது வாத்தியாரின் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று வைத்தியர் நினைத்திருக்க மாட்டார்.

பூவுக்குள் ரோமம்

1787-ம் ஆண்டு கோடைக் காலம். ஸ்பிரெங்கல் ஒரு காட்டுப் பூவை உற்றுப் பார்த்தார். இதழின் அடியில் மெல்லிய ரோமங்கள் இருந்தன. இவை எதற்கு? கடவுள் ஒரு ரோமத்தையும் வீணாகப் படைக்க மாட்டார் என்பது அவருடைய நம்பிக்கை. மேலும் பார்த்தார். ரோமத்துக்குக் கீழே தேன் துளி இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் தேனைக் கெடுக்காதபடி அந்த ரோமங்கள் தடுத்தன.

தேன் யாருக்காக? பூச்சிக்காக. பூச்சிக்கு ஏன் விருந்து? மறு வருஷம் வேறொரு பூவைப் பார்த்தார். சின்ன நீலப் பூ. நடுவில் மஞ்சள் வளையம். பூச்சிக்கு வழி காட்டத்தான் அந்த வளையம் என்று கண்டுகொண்டார். தேனுக்கு வரும் பூச்சியின் உடம்பில் மகரந்தம் ஒட்டுகிறது. அடுத்த பூவுக்குப் போகிறது. அங்கே காய் பிடிக்கிறது. இன்னொரு செடியில் மகரந்தம் முதலில் முற்றியது. அது தீர்ந்த பிறகே சூல்முடி தயாரானது. ஒரே பூ தன் மகரந்தத்தால் தானே காய்ப்பதை இயற்கை விரும்பவில்லை என்று அவருக்குத் தோன்றிற்று.

ஆறு வருஷம் இதே வேலை. வெயிலிலும் மழையிலும் பூவின் அருகே உட்கார்ந்திருந்தார். 1793-ல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். சுமார் 460 வகைச் செடிகளைப் பற்றி எழுதி, 25 பக்கம் படங்களும் சேர்த்தார்.

வேலை போயிற்று

புத்தகத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. பூவுக்கும் ஈக்கும் சம்பந்தம் பேசுவது அந்தக் காலப் படிப்பாளிகளுக்கு வேடிக்கையாக இருந்தது. மகாகவி கெதேக்கும் அது பிடிக்கவில்லை. ஸ்பிரெங்கல் மனம் உடைந்தார். இரண்டாம் பாகம் வெளிவரவே இல்லை.

பள்ளிக்கூடத்திலும் தகராறு. மேலே இருந்த பாதிரியாருடன் ஒத்துப்போகவில்லை. பெற்றோர்கள் புகார் செய்தார்கள். எல்லாப் பழியையும் ஊர் மேல் போடுவது நியாயமாகாது. வாத்தியார் கோபக்காரர். பிள்ளைகளைக் கடுமையாகத் தண்டித்தவர். பூவின் மேல் இருந்த பொறுமையில் பாதி பிள்ளைகள் மேல் இருந்திருக்கலாம். 1794-ல் சிறு உபகாரச் சம்பளம் கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பெர்லினுக்குக் குடி போனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலரை வெளியூர்ப் பக்கம் அழைத்துப் போய்ச் செடிகளைக் காட்டுவார். அதற்குச் சில காசு கிடைக்கும்.

தேனீப் பட்டாளம்

1806-ல் நெப்போலியன் பெர்லினைப் பிடித்தான். நாடு தோற்று, பட்டாளம் குறைந்து கிடந்த காலம். 1811-ல் ஸ்பிரெங்கல் தேனீயைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். தேனும் மெழுகும் தேனீயின் சிறு உபகாரம்தான், பயிரைக் காய்க்க வைப்பதுதான் பேருபகாரம் என்றார். ஆகவே சர்க்கார் நிரந்தரமாக ஒரு தேனீப் பட்டாளத்தையே வைத்திருக்க வேண்டும் என்று யோசனை சொன்னார்.

இதையும் யாரும் கேட்கவில்லை. 1816 ஏப்ரல் 7-ந் தேதி அவர் இறந்தார். புதைத்த இடம்கூட இன்று தெரியாது.

இருபத்தைந்து வருஷம் கழிந்தது. 1841-ல் இங்கிலாந்தில் சார்லஸ் டார்வின் அந்தப் பெரிய புத்தகத்தைப் படித்தார். அதிசயித்தார். ஸ்பிரெங்கல் எழுதியவற்றில் பலவற்றைத் தாமே சோதித்துப் பார்த்தார். அதன் பிறகுதான் உலகம் ஸ்பிரெங்கலைத் திரும்பிப் பார்த்தது.

அவர் கேட்ட பட்டாளம் இப்போது இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் வாதுமை மரங்கள் பிப்ரவரியில் பூக்கும். அப்போது லட்சக்கணக்கான தேனீப் பெட்டிகள் லாரிகளில் அங்கே போகின்றன. தோட்டக்காரர்கள் வாடகை கொடுக்கிறார்கள், தேனுக்கு அல்ல, காய்க்கு.

நம் நாட்டில் 1911 முதல் 1917 வரை நியூட்டன் என்ற பாதிரியார் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக் கொடுத்தார். நம் ஊர் ஈக்கு ஏற்றபடி அவர் செய்த சிறு பெட்டியை இன்றும் நியூட்டன் பெட்டி என்கிறார்கள். 1991-92-ல் ஒரு கொள்ளை நோய் வந்து தென்னாட்டில் பெரும்பாலான பெட்டிகளைக் காலி செய்தது. பிறகு வளர்ப்போர் மெல்ல மெல்ல மீண்டும் கூட்டங்களைப் பெருக்கினார்கள்.

பூந்தமல்லிப் பக்கம் பூசணி, வெள்ளரி, தர்பூசணி போடுகிறவர்கள் பெட்டி வைப்பதானால், பூ விரியத் தொடங்கியதும் வைப்பது நல்லது. முன்பே வைத்தால் ஈக்கள் வேறு பூவுக்குப் பழகிவிடும். பூச்சி மருந்து அடித்தே தீர வேண்டுமானால் பொழுது சாய்ந்த பிறகு, ஈக்கள் கூடு திரும்பியதும் அடிக்கலாம்.