எடுத்த பொருளை விடாதவர்

கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் பேராதனைக்குப் போய்வந்து முதுமாணி படிக்கிறேன். சென்ற வருடம், படிப்பை நிறுத்திவிடலாமா என்று வாப்பாவிடம் கேட்டேன். வழிகாட்டிய ஆசிரியர் ஓய்வு பெற்றிருந்தார்; தேடிய நூல்களும் கிடைக்கவில்லை. அந்நாட்களில்தான் பேராசிரியர் ம. மு. உவைஸின் வாழ்வை வாசித்தேன்.

1922இல் பாணந்துறை ஹேனமுல்லையில் பிறந்தவர் அவர். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கச் சென்றவரை, முஸ்லிம் புலவர்களின் நூல்கள்பால் திருப்பியவர் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். 1947இல் அடிகளார் மறைந்தார். மாணவரோ எடுத்த பொருளை விடவில்லை. தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டையே முதுமாணிப் பட்டத்துக்கு ஆராய்ந்தார். அந்த ஆய்வை 1953இல் நூலாக்கியது நமது கண்டி மாவட்டத்துக் கல்ஹின்னைத் தமிழ் மன்றம்.

பட்டத்தோடு அவர் ஓயவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் கடந்து, இஸ்லாமியத் தமிழ்க் காப்பியங்களை ஆராய்ந்து கலாநிதியானார். பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென அமைந்த இருக்கையின் முதற் பேராசிரியரானார். அங்கு பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். 1996இல் இறையடி சேர்ந்தார்.

தங்கைகளே, ஆய்வுப் பொருளைத் தூரத்தில் தேட வேண்டாம். நம்மவர் கவனியாது விட்டதை எடுங்கள். வழிகாட்டி பிரிந்தாலும் வழி இருக்கிறது. கிடைத்ததை அன்றன்றே குறித்து வையுங்கள். முடித்ததை நூலாக்குங்கள்.

மூத்தும்மாவின் பெட்டியிலிருந்த பழைய மாலை நூலிலிருந்து நான் மீண்டும் தொடங்கினேன். இப்போது இரண்டாம் அத்தியாயம் எழுதுகிறேன். நிறுத்துவதைப் பற்றி வாப்பாவிடம் பிறகு பேசவேயில்லை.